இடது பின்சக்கரம்

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, சவ்வாது மலையில் அத்திக்கொல்லை என்னும் ஊரிலிருந்து தார்ச்சாலைக்கு ஒரு ஜீப் இறங்கியது. அதைப் பற்றி ஓர் அலுவலகத்திலிருந்து வந்துள்ள கடிதத்தின் மூன்றாவது வாக்கியம் பொய். "சக்கரங்களில் அனுமதியின்றிச் செய்யப்பட்ட மாற்றமே காயம்பட்டவரின் பாதிப்பு மிகுந்ததற்குக் காரணம்" என்கிறது அந்த வாக்கியம். எழுதியவர் அந்தச் சக்கரங்களில் ஒன்றைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. அந்தப் பாதையில் ஒரு காலடிகூட வைக்கவில்லை. நானாக வலியச் சென்று கொடுத்த நான்கு பக்க வாக்குமூலத்தைக் கோப்பில் சேர்க்கவுமில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

அத்திக்கொல்லையில் நாற்பத்தொரு வீடுகள். தார்ச்சாலை ஓடைக்கரையோடு நின்றுவிடும். அங்கிருந்து ஊருக்கு ஐந்து கிலோமீட்டர், பெரும்பகுதி பாறையும் உருண்டைக் கல்லும். சாலை போடுவதாக மூன்று முறை அளந்தார்கள், அளவுக்கல்லும் நட்டார்கள். அந்தக் கல்லில் இப்போது ஆடு கட்டுகிறார்கள். மலையில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், குடியிருப்பது படவேட்டில். நான்காவது மனுவுக்குக் கையெழுத்து வாங்குவதற்காக 13ஆம் தேதி மலையேறினேன். ஏறியது சின்னராஜின் ஜீப்பில். தங்கியது அவன் வீட்டில்.

அந்தப் பாதையில் ஜீப்பேறும் எவருக்கும் ஒரு வேலை உண்டு. ஓடையைத் தாண்டியதும் சின்னராஜ் வண்டியை நிறுத்துவான். நான்கு பேர் இறங்கி, ஆளுக்கொரு சக்கரத்தின் முன் குந்தி, மூடியைத் திருகி எடுத்துவிட்டு, சிறு குச்சியால் வால்வை அழுத்திக் காற்றை இறக்க வேண்டும். நாற்பது எண்ணும்வரை அழுத்த வேண்டும் என்பது கணக்கு. பிறகு சின்னராஜோ அவன் மனைவி சசிகலாவோ காற்றளக்கும் கேஜை வைத்துப் பார்ப்பார்கள். எட்டுப் பவுண்டுக்கு வந்துவிட்டால், டயர் களிமண் போலக் குழைந்து கல்லைத் தழுவிக்கொண்டு ஏறும். வண்டி குலுங்காது.

காற்றை அவ்வளவு இறக்கினால் சாதாரண ஜீப்பின் டயர் வளையத்தை விட்டுக் கழன்றுவிடும். சின்னராஜின் டயர் கழலாது. முதல் நாள் நான் வியந்து கேட்டபோது அவன் சொன்ன விளக்கம் இது:

"சார், டயருக்கு உள்ள ஒரு ஆளு ஒக்காந்துனு, ரெண்டு காலாலயும் ரெண்டு பக்கமும் ஒதச்சிப் புடிச்சினு கீறான்னு வச்சிக்கங்க. அவந்தான் பூட்டு. டயர்ல காத்து இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா, அவன் ஒதைக்கிறத வுடமாட்டான்."

அந்த ஆள் என்பது, தடித்த துணியுறைக்குள் இருக்கும் ஒரு குறுகிய டியூப். டயருக்குள்ளே, வளையத்தைச் சுற்றி அது படுத்திருக்கும். அதில் ஐம்பது பவுண்டு காற்று. டயரின் இரண்டு ஓரங்களையும் உள்ளிருந்தே வளையத்தோடு நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சக்கரத்துக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு வால்வுகள் இருப்பது மட்டுமே தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன்பு பட்டணத்திலிருந்து மலையோட்டப் பந்தயத்துக்கு வந்த ஒருவரின் வண்டி ஓடைச்சேற்றில் புதைந்துபோக, சின்னராஜ் ஏர்மாடுகளைக் கட்டி இழுத்து மீட்டிருக்கிறான். அவர் தம்மிடமிருந்த பழைய பூட்டுகள் நான்கையும் இவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வளையத்தில் இரண்டாவது துளையைப் போளூரில் ஒரு லேத்துப் பட்டறையில் போட்டுக்கொண்டான். அந்தத் துளைதான் கடிதம் சொல்லும் 'அனுமதியில்லாத மாற்றம்.'

ஏறும்போது எனக்குக் கொடுக்கப்பட்டது இடது பின்சக்கரம்.

"சார், கறுப்பு மூடி டயருக்கு. செவப்பு மூடி பூட்டுக்கு. செவப்பத் தொட்டீங்கன்னா எல்லாரும் இங்கியே ஓடையில குந்திக்கினு சோறு துன்ன வேண்டியதுதான்."

"தெரியுதுப்பா. எனக்குக் கலர் தெரியாதா?"

வலது பின்சக்கரத்தில் குந்தியிருந்த பக்கத்து வீட்டு லட்சுமணன் சிரித்தான். சின்னராஜைப் போல அவனும் என் பள்ளியில் படித்தவன். "சாருக்கா செவப்பு தெரியாது? எம் பரீச்சப் பேப்பர்ல செவப்பத் தவிர வேற இன்னா இருந்துது?"

நாற்பது எண்ணி முடித்தேன். சசிகலா கேஜை வைத்துப் பார்த்து, "எட்டு. சாருது கரெக்டா கீது. லட்சுமணன் அண்ணந்து பதினொண்ணு. எண்ணத் தெரியாத ஆளு" என்றாள். எனக்குப் பெருமையாகவே இருந்தது. இடது பின்சக்கரம் சாருடையது என்று அன்று முடிவாயிற்று.

அன்று பிற்பகலே டயர்களில் மறுபடி காற்றை ஏற்றினார்கள். புளி உலுக்கும் காலம். கொல்லையிலிருந்து வீட்டுக்கு மூட்டைகளை ஏற்றிவர வேண்டும். அவ்வளவு பாரத்தைக் குழைந்த டயரில் ஏற்றினால் பக்கச்சுவர் கிழிந்துவிடும். சசிகலாவும் மாமியார் கெங்கம்மாளும் மாறி மாறிக் கால் பம்பை மிதித்து இருபத்தெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு ஜீப் ஊருக்குக் கீழேயுள்ள குட்டைக்கரைச் சேற்றில் நான்கு நடை போய் வந்தது. இரவில் சாமைச் சோறும் கொள்ளுச் சாறும். சின்னராஜ் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் காலை ஒன்பது மணியிருக்கும். வெயில் அதற்குள் உறைக்கத் தொடங்கிவிட்டது. புளியமரத்தடியில் பெண்கள் பழைய புடவைகளை விரித்து, உதிர்ந்த பழங்களைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். சின்னராஜும் அவன் தந்தை சடையனும் மரத்தின் மேலே. சசிகலாவின் தம்பி தமிழ்மணி, புளி வேலைக்கு உதவியாகக் கீழ்நாட்டிலிருந்து வந்திருந்தவன், மூட்டை தைத்துக்கொண்டிருந்தான். போளூர்ப் பக்கத்தில் பால் வண்டி ஓட்டுபவன் அவன்.

"மச்சான், பாலு வண்டிக்காரன் மரம் ஏறமாட்டானா?" என்று மேலிருந்து சின்னராஜ் கேட்டான்.

"நீ ஏறு மாமா. நான் கீழ நின்னு புடிச்சிக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கிளை ஒருமுறை குலுங்கியது. பழங்கள் ஆலங்கட்டி போலக் கொட்டின. இரண்டாம் முறை குலுங்கியபோது பழங்களோடு அவனும் வந்தான்.

மூன்றாள் உயரம். மல்லாந்து விழுந்தான். விழுந்த இடத்தில் கல் இல்லை. ஒரு வேர் இருந்தது. அவன் அலறவில்லை. கண்கள் திறந்தே இருந்தன. சடையன் மரத்திலிருந்து எப்படி இறங்கினார் என்று யாரும் பார்க்கவில்லை. அவர் மகனின் தலைமாட்டில் இருந்தார். அப்போது சின்னராஜ் மெல்லிய குரலில் கேட்டான்:

"நைனா, என் கால எங்க வச்சீங்க?"



முதலில் தன்னிலைக்கு வந்தவள் சசிகலா. "யாரும் தூக்காதீங்க! அத்தே, கையை எடுங்க! யாரும் தூக்கக் கூடாது!" லட்சுமணன் செல்பேசியில் பேச்சு கிடைக்கும் பாறைக்கு ஓடினான். கால்மணி நேரத்தில் மூச்சிரைக்கத் திரும்பினான்.

"ஆம்புலன்ஸு ஓடை வரைக்குந்தான் வருமாம். நர்சம்மா சொல்லிச்சி, முதுகு வளையக் கூடாதாம், திரும்பக் கூடாதாம், குலுங்கக் கூடாதாம். ஒரு தடவ குலுங்கினாலும் உள்ள இருக்கிற நரம்பு போய்டுமாம்."

"டோலி கட்டு" என்றார் சடையன். "நாலு பேர் தூக்கினா மூணு மணி நேரத்துல எறக்கிடலாம்."

"வோணாம் நைனா." சின்னராஜின் நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது. "டோலியில முதுகு வில்லு மாதிரி வளையும். ஜீப்புல போடுங்க. காத்த எட்டுக்கு எறக்குங்க. கல்லு இருக்கிறதே தெரியாது."

"ஜீப்ப யார்டா ஓட்டுறது?"

அவன் கண்கள் தமிழ்மணியிடம் போயின. தமிழ்மணியின் முகம் வெளுத்தது.

"மாமா, எனக்கு ரோட்டுல ஓட்டித்தான் பழக்கம்."

"நான் சொல்றேன், நீ ஓட்டு மச்சான். வாய் நல்லாத்தான கீது எனக்கு."

வீட்டுக் கதவைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். ஆறு பேர் ஒரே மூச்சில், ஒரு விரற்கடைகூடச் சாயாமல், அவனைக் கதவின் மேல் நகர்த்தினார்கள். தலைக்கு இருபுறமும் சாமை மூட்டை. நெற்றியையும் மார்பையும் இடுப்பையும் கெங்கம்மாளின் புடவைகளால் கதவோடு சேர்த்துக் கட்டினாள் சசிகலா. ஜீப்பின் பின்புறத்தில் புளிமூட்டைகளைப் பரப்பி, அவற்றின் மேல் கதவை வைத்தார்கள். காலையில் கதவாக இருந்த அந்தப் பலகையில் பொட்டு வைத்த மஞ்சளும் குங்குமமும் அவன் தோளருகே தெரிந்தன.

பிறகு காற்று. வழக்கப்படி நான்கு பேர், நான்கு சக்கரம். முன்னிரண்டில் சடையனும் கெங்கம்மாளும். வலது பின்சக்கரத்தில் லட்சுமணன். இடது பின்சக்கரத்தில் நான்.

குந்தினேன். குட்டைக்கரைச் சேறு சக்கரம் முழுவதும் அப்பிக் காய்ந்திருந்தது. இரண்டு மூடிகளும் மண்ணின் நிறம். சசிகலா ஜீப்பின் பின்புறத்தில் முடிச்சுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் இடையே இரண்டடி. "எதும்மா கறுப்பு?" என்று கேட்டிருக்கலாம். துண்டின் நுனியால் துடைத்திருக்கலாம்.

"சார், தெரியுதுங்களா?" என்று அவளே கேட்டாள்.

"தெரியும், தெரியும். நீ அவனைக் கவனி."

ஒரு மூடியைத் திருகி எடுத்தேன். வால்வை அழுத்தியதும் காற்று சீறிப் பாய்ந்தது. முதல் நாளைவிட உரக்கச் சீறியது. டயர்தானே பெரியது, அதிகக் காற்று உள்ளதுதானே உரக்கச் சீறும் என்று என் அறிவு எனக்குச் சொல்லிற்று. நாற்பது எண்ணினேன். முதல் நாளைவிட அதிகம் ஏற்றியிருக்கிறார்கள் போலும் என்று மேலும் இருபது எண்ணினேன். சீற்றம் தணிந்தது. மூடியைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

சசிகலா கேஜோடு வந்தாள். முன்னிரண்டும் எட்டு. லட்சுமணனுடையது ஒன்பது. என் சக்கரத்தில் கட்டைவிரலால் மண்ணைத் தேய்த்துவிட்டு, ஒரு மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தாள்.

"இன்னா சார், இருபத்தஞ்சு கீது? ஒண்ணியும் எறங்கலையே. சரி வுடுங்க, நானே எறக்குறேன்."

அவளே அழுத்தினாள். அவள் பெருவிரல் தேய்த்த இடத்தில் அவள் திறந்த மூடி கறுப்பாக இருந்தது.

அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று இன்று நான் எழுதினால் அது இன்னொரு பொய். டயரில் காற்று இறங்கவில்லை என்றால், அறுபது எண்ணி நான் இறக்கியது எதை? வாயைத் திறந்தேன். தமிழ்மணி எஞ்சினை உயிர்ப்பித்தான். சடையன், "ஏறுங்க சார், ஏறுங்க! நீங்க வந்தாத்தான் ஆஸ்பத்திரியில பேச முடியும்" என்று என் தோளைப் பிடித்து முன்னிருக்கையில் தள்ளினார். கொஞ்சம் இறங்கியிருக்கும், போதும் அளவுக்கு மீதி இருக்கும், இப்போது சொன்னால் எல்லோரும் பதறுவார்கள் என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் அதுவன்று. வாழ்நாளெல்லாம் பிறர் தவறைச் சுட்டியவனுக்குத் தன் தவறைச் சொல்லும் பழக்கம் இல்லை. அவ்வளவே.

வண்டி நகர்ந்தது. சடையனும் லட்சுமணனும் முன்னால் நடந்து, உருண்டுவரக்கூடிய கற்களை ஒதுக்கினார்கள். சசிகலா கணவனின் தலைமாட்டில். கெங்கம்மாள் கால்மாட்டில், மகனின் பாதங்களை இரு கைகளாலும் பிடித்தபடி.

"மொத கியரு. அதுலயே வுடு மச்சான். கிளச்சத் தொடாத. பிரேக்கத் தொடாத. வண்டி தானா எறங்கும்."

"மாமா, ஸ்டேரிங் இஸ்துக்கினு போவுது."

"போவட்டும். அதுக்கு வழி தெரியும். சும்மா புடிச்சினு இரு. மாட்டப் புடிச்சா மாதிரி."

முதல் இரண்டு கிலோமீட்டர் அவன் சொன்னது போலவே போயிற்று. தலையளவு கற்களின் மேல் டயர்கள் குழைந்து ஏறிக் குழைந்து இறங்கின. தொட்டிலில் போவது போலிருந்தது. வெயிலில் பாறைகள் கொதித்து, எதிரே காற்று நீரலை போல ஆடிற்று. நான் இடது ஓரம் அமர்ந்திருந்தேன். எனக்கு ஒரு முழம் பின்னால் அந்தச் சக்கரம். அதன் ஒலியைத் தவிர எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை.

"ம்மா" என்றான் சின்னராஜ் திடீரென்று. "வலது கால்ல எறும்பு ஊருது."

"எறும்பு இல்லடா சாமி. என் கைதான்."

"நீ கைய எடு. ... இன்னும் ஊருது மா! கட்ட வெரல்ல ஊருது!"

கெங்கம்மாள் குரலெடுத்து அழுதார். சசிகலா சிரித்தாள், அழுகையும் அதில் கலந்திருந்தது. "ஊரட்டும், ஊரட்டும், கடிச்சாலும் நல்லது" என்றாள். தமிழ்மணி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அப்போது அந்த ஒலி கேட்டது. ஈரமான வாய் மென்று மூடுவது போல ஓர் ஒலி: சப், சப்.

"சசி" என்றான் சின்னராஜ். குரல் மாறிவிட்டது. "பின்னாடி எடது. இன்னா சத்தம் அது?"

"டயரு குழையுது. வேற இன்னா?"

"இல்ல. குழையிற சத்தம் எனக்குத் தெரியாதா? ஓரம் அசையுது. பூட்டு புடிச்சினு இருந்தா ஓரம் அசையாது. நேத்து சாயங்காலம் நான் பாத்தேன், ஐம்பது இருந்துது." பிறகு சற்று நிறுத்தி, "மச்சான், நிறுத்தாத. ஒத்தப்பாறையத் தாண்டிட்டு நிறுத்து" என்றான்.

ஒற்றைப்பாறைச் சரிவில் பாதை இடப்புறம் சாய்ந்திருக்கும். இடப்புறம் நாற்பதடிப் பள்ளம். அடியில் வறண்ட ஓடை. சாய்வில் வண்டியின் பாரம் முழுவதும் இடது பின்சக்கரத்தில் விழும். இப்போதாவது சொல்லியிருக்கலாம். பாறை இன்னும் நூறடி தூரத்தில் இருந்தது. என் வேட்டியின் மடிப்பில் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பதடி. ஐம்பதடி. பாறை.

'டப்' என்று ஒரு சிறு ஒலிதான். டயர் வளையத்தை விட்டு உள்ளே நழுவிற்று. இடது பின்பக்கம் ஒரு சாண் இறங்கிற்று. வெறும் இரும்பு வளையம் பாறையில் உராய்ந்து கிறீச்சிட்டது. கதவுப் பலகை பள்ளத்தை நோக்கி வழுக்கியது. சசிகலா குறுக்கே விழுந்து தன் முதுகால் அதைத் தாங்கினாள். எனக்குக் கீழே ஓடையின் வெள்ளை மணல் தெரிந்தது. ஜீப் நின்றுவிட்டது. ஒரு கல் மட்டும் நெடுநேரம் உருண்டு விழுந்துகொண்டிருந்தது.

"யாரும் அசையாதீங்க" என்றான் சின்னராஜ்.

பிறகு கேட்டான்:

"பூட்டுல காத்து எறக்குனது யாரு?"

சடையன் முன்னாலிருந்து ஓடிவந்து, சக்கரத்தைப் பார்த்து, தன் இரு கைகளையும் விரித்துப் பார்த்தார். "நானாடா? நானா எறக்கினேன்? செவப்பத் தொட்டுட்டேனா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியலடா..." என்று தலையில் அடித்துக்கொண்டார். முன்சக்கரத்தில் குந்தியிருந்த மனிதர் பின்சக்கரத்தின் பழியைத் தன்மேல் இழுத்துக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்த பிறகே என் நாக்கு அவிழ்ந்தது.

"நான்தான்" என்றேன். "நான்தான் எறக்கினேன். மண்ணு மூடியிருந்தது. கேக்காம எறக்கிட்டேன். சசிகலா அளந்தப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சி. சொல்லல."

தமிழ்மணி என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பலகையை முதுகால் தாங்கிக்கொண்டிருந்த சசிகலா சொன்னாள்: "சரி சார். மெதுவா எறங்குங்க, பாறைப் பக்கமா. சீட்டுக்கு அடியில கால் பம்பு கீது. எடுங்க."

ஜாக்கி வைத்தால் வண்டி மேலும் சாய்ந்துவிடும் என்றான் சின்னராஜ். கட்டப்பட்ட நெற்றியோடு, வானத்தைப் பார்த்தபடியே, ஒவ்வொன்றாகச் சொன்னான். மற்ற மூன்று சக்கரங்களுக்கும் கல் முட்டுக் கொடுத்தோம். அச்சுக்கு அடியில் கல்லடுக்கினோம். ஒரு மரத்தடியை நெம்புகோலாக்கி லட்சுமணனும் சடையனும் ஒரு விரல், ஒரு விரலாக உயர்த்த, கல்லை ஒவ்வொன்றாகச் செருகினேன். கெங்கம்மாள் பாதையோரத்துக் கத்தாழையைப் பிடுங்கிக் கல்லில் தட்டி, அந்த வழுவழுப்பை வளையத்தின் விளிம்பெங்கும் தடவினார்; ஓரம் வழுக்கி ஏற வேண்டுமே. சிவப்பு மூடியைத் துடைத்துத் திறந்து பம்பின் குழாயை மாட்டினேன்.

மிதித்தேன். எனக்கு அறுபத்தாறு வயது. நூறு மிதி, நூற்றைம்பது மிதி. சுட்ட பாறையில் என் செருப்பு இளகிற்று.

"சார், மாத்தி வுடுங்க" என்றார் கெங்கம்மாள்.

"வேண்டாம்மா."

"அட வுடுங்க சார்! நீங்க மயங்கி வுழுந்தா உங்களை யாரு தூக்குறது? இருக்கிறது ஒரே கதவு."

அந்த நேரத்திலும் லட்சுமணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் விலகினேன். அவர் முந்தானையைச் செருகிக்கொண்டு மிதித்தார். உள்ளே அந்த ஆள் மெல்ல மெல்லக் கால்களை நீட்டினான். டயரின் ஓரம் கத்தாழைச் சாற்றில் நனைந்து, அங்குலம் அங்குலமாக வளையத்தில் ஏறிற்று. முந்நூற்றுச் சொச்சம் மிதித்தபோது 'டொம்' என்று இடித்து உட்கார்ந்தது.

"ஐம்பதா?" என்றான் சின்னராஜ்.

"நாப்பத்தெட்டு."

"போதும். கறுப்புல எட்டு வையி. போலாம்."

மிச்சப் பாதையில் ஒரு குலுக்கலும் இல்லை. அந்தச் சக்கரம் தார்ச்சாலை வரை ஒரு சப்தமும் செய்யவில்லை. ஓடைக்கரையில் ஆம்புலன்ஸ் நின்றது. பலகையை மாற்றும்போது கெங்கம்மாள் மகனின் வலது பாதத்தைத் தொட்டு, "எறும்பு ஊருதாடா?" என்று கேட்டார்.

"இல்ல மா. ஒத்தப்பாறையிலயே போய்ட்ச்சி."

விழுந்தபோது நேர்ந்தது எவ்வளவு, சாய்ந்தபோது நேர்ந்தது எவ்வளவு என்று எந்த ஸ்கேன் படத்திலும் தெரியாது என்றார் மருத்துவர். நான் அவரிடம் ஆறு முறை கேட்டேன்.

விசாரணைக்கென்று ஜீப்பைக் கொண்டுபோனார்கள். என் வாக்குமூலத்தோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி அதை முழுவதும் படிக்கவில்லை. "சார், நீங்க பெரியவரு. நல்ல பேரு எடுத்தவரு. இந்த வயசுல உங்க பேர எதுக்கு இதுல இழுத்துக்கிறீங்க? ரிம்ல தொள போட்டிருக்கான், அது தப்பு. அதோட முடிஞ்சிடும்" என்று கனிவாகச் சொல்லி, எனக்குத் தேநீரும் வரவழைத்தார். இத்தனை ஆண்டுகளில் எனக்குக் காட்டப்பட்ட கனிவுகளில் இதைவிடக் கொடியது இல்லை.

பூட்டு நான்கையும் அறுத்து அழித்தால்தான் ஜீப்பை விடுவிப்பார்களாம். பூட்டில்லாத ஜீப்பில் எட்டுப் பவுண்டுக்கு இறக்க முடியாது. எட்டுக்கு இறக்காமல் சின்னராஜை அந்தப் பாதையில் கொண்டுவர முடியாது. ஐந்து மாதங்களாகப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை அவனைச் சிகிச்சைக்கு இறக்குகிறார்கள். எதில்? டோலியில். எந்த முதுகு வளையவே கூடாது என்று அந்த நர்சு சொன்னாரோ, அந்த முதுகு இப்போது மூன்று மணி நேரம் வில்லாக வளைந்து இறங்குகிறது, மூன்று மணி நேரம் வளைந்து ஏறுகிறது. சென்ற மாதம் அவன் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. கெங்கம்மாள் பார்த்தார், நானும் பார்த்தேன். ஒவ்வொரு டோலிப் பயணத்துக்குப் பிறகும் அது அசைகிறதா என்று அந்தக் குடும்பம் விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்கிறது. போன முறை அரை நாள் அசையவில்லை. அந்த அரை நாள் நானும் அங்கிருந்தேன். சசிகலா தமிழ்மணியின் பால் வண்டியில் ஓட்டப் பழகி உரிமமும் வாங்கிவிட்டாள். ஓட்டுவதற்கு வண்டிதான் இல்லை. அது அலுவலக முற்றத்தில் நிற்கிறது. இடது பின்சக்கரத்தில் நாற்பத்தெட்டுப் பவுண்டு இன்றும் அப்படியே இருக்கிறது. மண்ணைத் துடைத்துவிட்டு நானே அளந்துவிட்டு வந்தேன்.

சக்கரம் தவறு செய்யவில்லை. துளை தவறு செய்யவில்லை. தவறு செய்தவனுக்குப் பெயர் உண்டு. அதை எழுத மறுக்கிறார்கள். இதைப் படித்து முடித்த நீங்கள் ஓர் அஞ்சலட்டை எடுங்கள். 'மூன்றாவது வாக்கியத்தை அடித்துவிடுங்கள். காற்றை இறக்கியவர் புருஷோத்தமன், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், படவேடு. வண்டியைப் பூட்டோடு விடுங்கள்' என்று எழுதி அனுப்புங்கள். எந்த அலுவலகம், என்ன முகவரி என்று தெரியாவிட்டால் அத்திக்கொல்லைச் சசிகலாவைக் கேளுங்கள். கேட்பதற்கு இரண்டடி தூரத்தில் ஆள் இருந்தும் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.